வெஸ்ட் என்றொரு ஊர்: தண்டவாளமும் கரிசலும் கொலாச்சியும்

கேட்கப்பட்டது இது: "டல்லஸிலிருந்து ஆஸ்டின் போகும் வழியில், வெஸ்ட் என்ற ஊரில் பலகாரம் வாங்க வண்டியை நிறுத்தினோம். திரும்பிய பக்கமெல்லாம் செக் பெயர்கள். டெக்சாஸுக்கு நடுவில் செக்காரர்கள் எப்படி வந்தார்கள்? மாநிலத்தின் மேற்கில் இல்லாத ஊருக்கு ஏன் இந்தப் பெயர்? இங்கே இரண்டு ரயில்களை வேண்டுமென்றே மோதவிட்டார்களாமே, நிஜமா? ரயில் இன்னும் நிற்கிறதா?"

பெயரிலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான். வெஸ்ட் என்பது திசை இல்லை, ஓர் ஆளின் குடும்பப் பெயர். தாமஸ் வெஸ்ட் என்பவர் இங்கே நிலம் வைத்திருந்தார், வியாபாரம் செய்தார், தபால் அலுவலகத்தையும் பார்த்துக்கொண்டார். அதற்கு முன் இந்தக் குடியிருப்பை போல்ட் ஸ்பிரிங்ஸ் என்று அழைத்தார்கள், நல்ல ஊற்று இருந்ததால். 1880களின் தொடக்கத்தில் ரயில் பாதை வந்தபோது வெஸ்ட் தன் நிலத்தில் ஒரு பகுதியை ரயில் கம்பெனிக்குக் கொடுத்தார். ஊரே பாதையை ஒட்டி அமைந்தது, அவர் பெயரே ஊருக்கு நின்றது. "வெஸ்ட் டெக்சாஸ்" என்றால் சில நூறு மைல் தள்ளி இருக்கிற வறண்ட எண்ணெய்க் கிணற்றுப் பூமி என்று கேட்கிறவர் நினைத்துக்கொள்வார். அதனால் உள்ளூர்க்காரர்கள் "வெஸ்ட், கமா, டெக்சாஸ்" என்று கமாவையும் சேர்த்தே வாயால் சொல்வார்கள். கேலிக்குத்தான், ஆனால் முகவரி சொல்லும்போது அது தேவையும்கூட.

ஊற்றைக் கண்டு முதலில் வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தெற்கே 20 மைலில் இருக்கும் பெரிய ஊரான வேக்கோவின் பெயரே அங்கே வாழ்ந்த வேக்கோ பழங்குடியினரின் பெயர். 1850களில் அவர்களை முதலில் ஒரு ஒதுக்கிடத்துக்குள் தள்ளி, 1859இல் இன்றைய ஓக்லஹோமா பக்கம் விரட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஊர், ரயில், பருத்தி எல்லாம்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள மண்ணைப் பார்க்க வேண்டும். டெக்சாஸின் வட எல்லையில் ஓடும் ரெட் ஆற்றுக்குப் பக்கத்திலிருந்து சான் அன்டோனியோ வரை ஒரு பட்டை மாதிரி கரிசல் மண் ஓடுகிறது. நம் ஊர்க் கரிசல் மாதிரி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. மண்ணியல்காரர்கள் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலையும் இதையும் வெர்டிசால் என்ற ஒரே வகையில்தான் வைக்கிறார்கள். குணமும் அதேதான். நனைந்தால் ஊதிப் பெருத்து, செருப்போடு அப்பிக்கொண்டு காலை விடாது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஓர் ஆகஸ்ட் மாதம் இந்தப் பக்கம் ஒரு வயலோரம் நின்றபோது வெடிப்பில் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது. இந்த மண்ணில் வீடு கட்டியவர்கள் அஸ்திவாரம் அசைவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

இப்படிப்பட்ட மண்ணை முதலில் வந்தவர்கள் உழுது ஜெயிக்க முடியவில்லை. கெட்டிப் புல்வேர், அதற்கடியில் பசை மாதிரிக் களிமண். எஃகுக் கலப்பை வந்தது, 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி வந்தது, அதன் பிறகுதான் புல்வெளி வயலானது. ஆனாலும் விளைந்ததை வெளியே கொண்டுபோக வழி வேண்டுமே? 1872இல் வேக்கோ வரைக்கும் ஒரு கிளை ரயில் வந்துவிட்டது. இங்கிருந்து அதுவரைக்கும் 20 மைல் வண்டிப் பாதை. மழைக்காலத்தில் கரிசலில் பார வண்டி என்ன பாடு படும் என்று கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 20 மைலை ஒழித்துக்கட்டியது கேட்டி ரயில். மிசௌரி–கான்சஸ்–டெக்சாஸ் என்பது முழுப்பெயர். எம்.கே.டி. என்று சுருக்கி, அதிலும் கே.டி.யை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டி ஆக்கிவிட்டார்கள். வடக்கிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைந்த முதல் ரயில் இதுதான். 1872 கிறிஸ்துமஸ் அன்று டெனிசன் ஊருக்கு வந்தது. அங்கிருந்து தெற்கே நீண்டு, வெஸ்ட் வழியாக வேக்கோவைத் தொடப் பத்து வருடம் ஆயிற்று.

பாதை வந்ததும் பருத்தி ஆட்சி. கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். வயலில் பறித்த பருத்தி சுமார் 1,500 பவுண்டு ஜின்னிங் மில்லுக்குப் போனால், கொட்டை நீங்கி 500 பவுண்டுப் பஞ்சு ஒரு பேலாக வரும். அந்த 1,500 பவுண்டையும் காய் காயாகக் கையால்தான் எடுக்க வேண்டும். தோளில் நீளச் சாக்குப் பையை மாட்டி வரப்போடு இழுத்துக்கொண்டே, குனிந்தபடி. 1890களின் நடுவில் பஞ்சு விலை பவுண்டுக்கு 5 சென்ட் அளவுக்கு இறங்கியது. அப்படியென்றால் முழு பேலுக்கு 25 டாலர். அதிலும் நிலம் சொந்தமில்லாதவனுக்கு முழுசாக வராது. ஏரும் கோவேறு கழுதையும் தன்னுடையதாக இருந்தால் தானியத்தில் மூன்றில் ஒரு பங்கு, பருத்தியில் நான்கில் ஒரு பங்கு நிலக்காரருக்கு. ஒன்றுமே இல்லாமல் உழைப்பை மட்டும் கொண்டுவந்தவனுக்குப் பாதி வாரம், அதாவது விளைச்சலில் பாதிப் பங்கு. கறுப்பினக் குடும்பங்கள், ஏழை வெள்ளையர்கள், பிறகு அறுவடைக்கு வந்த மெக்சிகோக்காரர்கள் என்று இந்த வாரக் கணக்கிலும் கூலிக் கணக்கிலும் தேய்ந்தவர்கள் ஏராளம். இந்தக் கரிசல் பட்டையின் ஊர் வரலாறுகளில் இவர்கள் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. வெஸ்டை வெறும் செக் ஊராகச் சொல்லும்போது இது விட்டுப்போகிறது.

சரி, செக்காரர்களுக்கு வருவோம். பெரும்பாலும் இன்றைய செக் நாட்டின் கிழக்கில் இருக்கும் மொராவியாப் பகுதியிலிருந்து கிளம்பியவர்கள். பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துக் கையகலமாகிப்போன நிலம், கட்டாய ராணுவ சேவை, ஆஸ்திரியப் பேரரசின் கெடுபிடி. 1850இல் டெக்சாஸில் குடியேறிய யோசஃப் பெர்க்மன் என்ற பாதிரியார் ஊருக்கு எழுதிய கடிதங்கள் பலரைக் கிளப்பிவிட்டன. கப்பலில் கால்வெஸ்டன் துறைமுகம், அங்கிருந்து மேற்கே ஃபயட் மாவட்டம். அங்கே நிலம் நிரம்பி விலை ஏறியபோது, அடுத்த தலைமுறை வடக்கே கரிசலைத் தேடி வந்தது. 1880களில் வெஸ்டுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் இப்படி இரண்டாம் முறை இடம் பெயர்ந்தவர்கள்தான். வந்தவர்கள் நிலம் வாங்குவதில் குறியாக இருந்தார்கள். குடும்பமே வயலில் இறங்கும், கூலி வெளியே போகாது, மிச்சப்பட்ட காசில் பக்கத்துக் காட்டை வாங்குவார்கள்.

கூடவே அவர்கள் கொண்டுவந்த சங்கங்கள். விவசாயி திடீரென்று செத்துப்போனால் குடும்பத்துக்குக் கை கொடுக்க, உறுப்பினர்களே காசு போட்டு நடத்தும் ஆயுள் காப்பீட்டுச் சங்கங்கள் அவை. கத்தோலிக்கர்களுடைய கே.ஜே.டி. 1889இலும், மதம் பார்க்காத எஸ்.பி.ஜே.எஸ்.டி. 1897இலும் உருவாகி, இரண்டும் இன்றுவரை நடக்கின்றன. அந்தச் சங்கங்களின் மண்டபங்களில்தான் கல்யாணமும் போல்கா நடனமும். செக் மொழிப் பத்திரிகை ஒன்று இந்தச் சின்ன ஊரிலேயே அச்சாகிப் பல பத்தாண்டுகள் வெளிவந்தது. வடக்கே ஏழெட்டு மைலில் இருக்கும் ஆபட் ஊரில் 1933இல் பிறந்த பாடகர் வில்லி நெல்சன், சிறுவனாக முதலில் காசுக்கு வாசித்தது இந்தப் பக்கத்துச் செக் குடும்பம் ஒன்றின் போல்கா குழுவில். பருத்திக்காட்டுச் சூட்டிலிருந்து தப்பிக்க அது ஒரு வழி.

இப்போது ரயில் மோதல். நிஜம்தான். நான் படித்த ரயில் கதைகளிலேயே பைத்தியக்காரத்தனத்தில் இதற்கு ஈடு இல்லை.

1893இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதாரச் சரிவு. ரயில் கம்பெனிகள் வரிசையாகத் திவாலாயின. கேட்டி தப்பித்தது, ஆனால் பயணிகள் வருமானம் போதவில்லை. அதே சமயம், பழைய 35 டன் என்ஜின்களை ஓரங்கட்டிவிட்டு 60 டன் என்ஜின்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். சும்மா நின்ற பழைய என்ஜின்களைப் பார்த்து, கம்பெனியின் பயணிகள் பிரிவு அதிகாரி வில்லியம் க்ரஷ் ஒரு யோசனை சொன்னார்: இரண்டை எதிரெதிரே ஓடவிட்டு மோதவைப்போம். பார்க்க அனுமதி இலவசம், வந்துபோகிற டிக்கெட்டில் காசு பார்ப்போம். மேலிடம் ஒத்துக்கொண்டது. க்ரஷ் என்றால் ஆங்கிலத்தில் நசுக்குதல் என்று பொருள். ஆளின் பெயரே அதுவாக அமைந்ததை என்ன சொல்வது!

வெஸ்டுக்குத் தெற்கே மூன்று மைலில் ஒரு பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் மேடு, இயற்கையாகவே கேலரி. முக்கியப் பாதையில் மோதவிட்டால் போக்குவரத்து நாறிவிடும் என்று நான்கு மைலுக்குத் தனித் தண்டவாளம் போட்டார்கள். குடிக்கத் தண்ணீருக்குக் கிணறு தோண்டினார்கள். சர்க்கஸ் கூடாரம் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சாப்பாட்டுக் கடை. 2,100 அடி நீள நடைமேடையோடு தற்காலிக ஸ்டேஷன், அதற்குப் பெயர்ப் பலகை "க்ரஷ், டெக்சாஸ்". குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர்களைப் போட மரத்தில் ஒரு சிறைகூட. 999 என்ற எண்ணுள்ள என்ஜினுக்குப் பச்சை, 1001க்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, வாரக்கணக்கில் ஊர் ஊராக இழுத்துப்போய்க் காட்டினார்கள். டெக்சாஸில் எங்கிருந்து வந்தாலும் டிக்கெட் 2 டாலர்.

1896 செப்டம்பர் 15. முப்பதுக்கும் மேற்பட்ட சிறப்பு ரயில்கள், இடமில்லாமல் கூரைமேல் உட்கார்ந்து வந்தவர்கள் வேறு. 40,000 பேருக்கு மேல் கூடியதாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு ஒரு நாள், காலையில் இல்லாத அந்த ஊர் டெக்சாஸின் பெரிய நகரங்களில் ஒன்று. கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளவே ஒரு மணி நேரம் தாமதம். ஐந்து மணி வாக்கில் இரண்டு என்ஜின்களும் முன்னால் வந்து, தண்டவாளத்தில் முகத்தோடு முகம் உரசி, கைகுலுக்குவது போல நின்றுவிட்டுப் பின்வாங்கின. வெள்ளைக் குதிரையில் இருந்த க்ரஷ் தொப்பியைக் கழற்றி வீசிச் சைகை காட்டினார். டிரைவர்கள் நீராவியைத் திறந்து, சக்கரத்தைச் சில சுற்று ஓடவிட்டுக் குதித்துவிட்டார்கள். ஆளில்லாத இரண்டு ரயில்கள், ஒவ்வொன்றும் மணிக்கு 45 மைல் வேகத்தில், பின்னால் பெட்டிகளோடு.

கொதிகலன் வெடிக்காது என்று கம்பெனியின் பொறியாளர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் வெடிக்கலாம் என்றாராம், அவர் பேச்சு எடுபடவில்லை. மோதிய கையோடு இரண்டு கொதிகலன்களும் வெடித்தன. தபால் தலை அளவிலிருந்து சக்கரத்தில் பாதி வரைக்கும் இரும்புத் துண்டுகள் கூட்டத்தின்மேல் பறந்தன. குறைந்தது இரண்டு பேர் செத்தார்கள். கம்பெனி படமெடுக்கக் கூட்டிவந்திருந்த வேக்கோ புகைப்படக்காரர் ஜார்விஸ் டீனின் ஒரு கண்ணில் போல்ட் பாய்ந்து கண் போனது. அவர் எடுத்த படங்கள் பிழைத்தன. இன்றைக்கு நாம் பார்க்கிற, இரண்டு என்ஜின்களும் புகையோடு எதிரெதிரே நிற்கிற படம் அவருடையது.

நடந்ததைவிட எனக்கு வியப்பு, அடுத்து நடந்ததுதான். புகை அடங்கியதும் கூட்டம் ஓடவில்லை. நினைவுப் பொருளாக இரும்புத் துண்டு பொறுக்க உள்ளே பாய்ந்தது, சூட்டில் கையைச் சுட்டுக்கொண்டது. அன்று இரவே க்ரஷை வேலையிலிருந்து நீக்கினார்கள். மறுநாள் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் கேட்டி பெயர் வந்திருப்பதைப் பார்த்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஓய்வு பெறும்வரை அதே கம்பெனியில் இருந்தார் மனிதர். டீனுக்கு 10,000 டாலர் இழப்பீடும் ஆயுளுக்கும் இலவச ரயில் பாஸும் கொடுத்தார்கள். அப்போது பெயர் எடுக்காத இளைஞரான இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின், இந்த மோதலையே ஒரு அணிவகுப்பு இசையாக எழுதி, அதே வருடம் டெம்பிள் ஊரில் வெளியிட்டார். க்ரஷ் ஊர் அன்று மாலையே கலைந்தது.

அதற்குப் பிறகு வெஸ்டின் கதை நிதானமானது. மெக்சிகோவிலிருந்து வந்த பருத்திக்காய்க் கூன்வண்டு 1890களிலேயே டெக்சாஸுக்குள் நுழைந்துவிட்டது. மகசூல் அடி வாங்கியது. 1913இலிருந்து டல்லஸுக்கும் வேக்கோவுக்கும் நடுவே மின்சார ரயில் ஒன்று இந்த ஊர் வழியாக ஓடியது. கார்கள் பெருகி, 1948 கடைசி நாளோடு அதை நிறுத்தினார்கள். 1930களின் மந்தத்தில் விலை விழுந்து, அரசே காசு கொடுத்துப் பருத்திப் பரப்பைக் குறைக்கச் சொன்னபோது, முதலில் வெளியேறியவர்கள் வாரக்காரர்கள். டிராக்டர் மிச்சத்தைச் செய்தது. சோளம், மக்காச்சோளம், கோதுமை, மாடு என்று காடு மாறியது. 1960களில் 35ஆம் எண் நெடுஞ்சாலை ஊரின் மேற்கு விளிம்பில் வந்தது. ரயிலை நம்பிய ஊர் மெல்லச் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டது. நீங்கள் நின்ற பலகாரக் கடையே அதற்குச் சாட்சி, அது தண்டவாளத்தைப் பார்த்தா இருக்கிறது?

ஆனால் ரயிலோடும் விவசாயத்தோடும் இருந்த பழைய கட்டு விடவில்லை. 1962இல் ஊரின் வடகிழக்கு ஓரத்தில், தண்டவாளத்தை ஒட்டி, ஓர் உரக்கிடங்கு வந்தது. பல தலைமுறை பருத்தி போட்டு உறிஞ்சிய மண்ணுக்குத் தழைச்சத்து வேண்டும், உரம் ரயிலில் வந்து இறங்க வசதி. அன்றைக்குச் சுற்றிலும் வயல்தான். பிறகு ஊர் அதை நோக்கி வளர்ந்தது. 200 மீட்டருக்குள் பள்ளிக்கூடம், அடுக்குமாடிக் குடியிருப்பு, முதியோர் இல்லம்.

கிடங்கில் இருந்தது அம்மோனியம் நைட்ரேட். 2020இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகு, சென்னை மணலியில் சுங்கத்துறை வைத்திருந்த சுமார் 700 டன்னை அவசரமாக லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்களே, அதே சரக்கு. சாதாரணமாக இருந்தால் சாதுவான உரம். மர உத்தரம் எரிந்து, அழுக்கும் சூடும் அடைப்பும் சேர்ந்தால் குண்டு. வெஸ்டில் மரக் கட்டடத்துக்குள், மரத் தடுப்புகளில் கொட்டி வைத்திருந்தார்கள். தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. டெக்சாஸில் மாநிலம் முழுவதற்குமான தீத்தடுப்பு விதித்தொகுப்பும் இல்லை.

2013 ஏப்ரல் 17, இரவு 7:29க்குத் தீ பற்றிய முதல் தகவல். ஊர்த் தீயணைப்புப் படை சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கடையையும் வீட்டையும் விட்டு ஓடி வந்தவர்கள். 7:51க்கு வெடித்தது. 22 நிமிடம். 15 பேர் செத்தார்கள், அதில் 12 பேர் தீயணைக்கவும் உதவவும் போனவர்கள். காயம் 260 பேருக்கு மேல், சேதமான கட்டடங்கள் 150க்கு மேல். பள்ளி நேரத்தில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு பெட்டியில் மேலும் 100 டன் அதே சரக்கு நின்றிருந்தது. பெட்டி கவிழ்ந்தது, வெடிக்கவில்லை.

தீ எப்படிப் பிடித்தது என்பதில் இன்றும் ஒருமித்த பதில் இல்லை. ரசாயன விபத்துகளை விசாரிக்கும் மத்திய வாரியம் காரணத்தை உறுதி செய்ய முடியவில்லை என்றது. இன்னொரு மத்திய அமைப்பு 2016இல் யாரோ வைத்த தீ என்றது. யாரும் தண்டிக்கப்படவில்லை. என்னைக் கேட்டால், யார் பற்றவைத்தார் என்ற கேள்வியைவிட, அதை ஏன் மரக்கொட்டகையில் வைத்தார்கள் என்ற கேள்வி பெரிது. 1947 ஏப்ரல் 16இல் இதே டெக்சாஸின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் இதே சரக்கு கப்பலில் வெடித்து 581 பேர் இறந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே 66 வருடமும் ஒரு நாளும். எரியும் பொருட்களிலிருந்து 30 அடி தள்ளி வைக்க வேண்டும், அதிகாரிகள் சோதிக்கலாம் என்று சட்டம் வந்தது 2015இல்.

ஊர் காலியாகவில்லை. 2010இல் 2,807 பேர், 2020இல் 2,531. பள்ளிகளைத் திரும்பக் கட்டினார்கள். 1976இல் தொடங்கிய செக் திருவிழா செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டி நடக்கிறது.

ரயில் நிற்கிறதா என்று கேட்டீர்கள். நிற்காது. கேட்டியின் கடைசிப் பயணிகள் ரயில் 1965இல் ஓடியது. கம்பெனியே 1988இல் யூனியன் பசிபிக் என்ற பெரிய ரயில் கம்பெனியோடு கரைந்துவிட்டது. நாடு முழுக்கப் பயணிகள் ரயில் ஓட்டும் ஆம்ட்ராக்கின் ரயில் இந்த ஊரைத் தொடாமல் மேற்கே மெக்ரெகர் வழியாகப் போகிறது. சரக்கு ரயில்கள் மட்டும் ஊர் நடுவே நீளமாக ஊதிக்கொண்டு கடக்கும்.

பலகாரம் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் குழி அழுத்தி, அதில் ஆப்ரிகாட்டோ பாலாடைக்கட்டியோ வைத்து, மேலே வெண்ணெய், மாவு, சர்க்கரை உதிர்த்த மெத்தென்ற பன்தான் கொலாச்சி. உள்ளே சாசேஜ் வைத்து மூடியது கொலாச்சி இல்லை, அது க்ளோபாஸ்னிக். ஐரோப்பாவில் கிடையாது, டெக்சாஸ் செக்காரர்களின் கண்டுபிடிப்பு. 1952இல் திறந்த இந்த ஊர் பேக்கரி ஒன்று அந்தப் பெருமையைத் தனதென்கிறது. அடுத்த முறை 353ஆம் எண் வெளிவழியில் இறங்கினால், கடையோடு திரும்பிவிடாமல் கிழக்கே கொஞ்ச தூரம் போங்கள், பழைய கடைத்தெருவும் தண்டவாளமும் அங்கேதான். காலையிலேயே போங்கள். பழைய வகை என்று கேட்டால் கசகசா வைத்ததைத்தான் காட்டுவார்கள். நான் போன இரண்டு முறையும் மதியத்துக்குள் அது தீர்ந்திருந்தது.